ஜன்னல் கப்பலின் நடுக்கால்

போன் அடிக்கட்டும் தம்பி, விடுங்க. யாருன்னு எனக்குத் தெரியும். ஈரோட்டுல ஒரு பல் டாக்டர். எடுத்தா, "ஐயா, என்ன முடிவு பண்ணீங்க?"ன்னு கேப்பான். முடிவு பண்ணியாச்சு. அனுப்புறதுதான் பாக்கி. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இப்ப என்ன, நாலேகாலா? பரவாயில்ல.

தொந்தரவா இருந்தா சொல்லுங்க, சத்தத்தைக் குறைச்சு வச்சிடுறேன். இல்லியா? நீங்களும் திருச்சியிலதான் பஸ்ஸை விட்டு இறங்கணுமா? நல்லதாப் போச்சு. எனக்கு இன்னைக்கு யார்கிட்டயாவது பேசணும். தெரிஞ்சவங்ககிட்டப் பேச முடியாது. தெரிஞ்சவங்க எல்லாரும் ஏதாவது ஒரு கட்சியில இருக்காங்க.

அரசியல் இல்ல தம்பி. கப்பல். விண்வெளிக் கப்பல்.

சிரிச்சுக்குங்க. என் மருமகளும் இப்படித்தான் சிரிக்கும், வாயைப் பொத்திக்கிட்டு.

என் பேரு வைத்தியலிங்கம். பஸ் கண்டக்டரா ஆரம்பிச்சு செக்கிங் இன்ஸ்பெக்டரா முடிச்சவன். முப்பத்தி மூணு வருஷம். டிக்கெட் எடுக்காதவன் எப்படி உக்காந்திருப்பான்னு முதுகைப் பாத்தே சொல்லிடுவேன். எனக்கு யாரும் விரோதி கிடையாது, ஆனா எதையும் காட்டினாத்தான் நம்புவேன். வாயால சொல்றது எனக்குக் கணக்குல வராது. என் சம்சாரம் தலைவலின்னு சொன்னாக்கூட நெத்தியத் தொட்டுப் பாப்பேன். அது ஒரு குணம். அவளுக்கு அது பிடிக்காது. அவ போய் நாலு வருஷமாச்சு, அதை விடுங்க.

"வியாழன் வாசல்"னு ஒரு படம். எண்பத்தி நாலுல வந்துச்சு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நம்ம ஆளுங்க விண்வெளியில வியாழன் கிரகத்துக்குப் போற கதை. அங்க ஒரு வில்லன், அவனுக்கு ஒரு சுழல் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னாடி ஒரு பெரிய ஜன்னல். ஹீரோயின் வியாழன்லயும் ஒரு மழைப் பாட்டு பாடும். மழை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கக் கூடாது. எங்க ஊர்ல ஏழு நாள் ஓடுச்சு, நான் ஆறு நாள் பாத்தேன். ஏழாவது நாள் டூட்டி.

அந்தப் படத்துக்கு இன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு பேர் கொண்ட ரசிகர் வட்டம் இருக்கு, போன்ல. நான்தான் அட்மின். நானா கேக்கல, போட்டாங்க.

இப்ப கவனமாக் கேளுங்க. படத்துல ஹீரோவோட கப்பல் கருடன். அது எல்லாருக்கும் தெரியும், போஸ்டர்லயே இருக்கும். ஆனா வில்லன் நாற்காலியத் திருப்புற ஒரு இடத்துல, ஜன்னலோட மேல் விளிம்புல, இன்னொரு கப்பல் போகும். ரெண்டே செகண்ட். முழுசாத் தெரியாது, வயித்துப் பக்கம் மட்டும்தான் தெரியும். வயித்துக்கு அடியில மூணு கால். நாங்க அதை ஜன்னல் கப்பல்னு சொல்லுவோம். அதைக் கண்டுபிடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, பழைய கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பாத்து.

அதுலேர்ந்து சண்டை. அது தனிக் கப்பலா, இல்ல கருடனையே திருப்பி வச்சு எடுத்ததா? நான் சொல்றேன், தனிக் கப்பல். ஏன்னா கருடனுக்குக் கால் கிடையாது. வயிறு மொழுக்குன்னு இருக்கும். இதுக்கு மூணு கால் இருக்கு. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, முடிஞ்சுபோச்சு. இப்ப போன் அடிச்சானே அந்த டாக்டர், நிஜாம், அவன் படம் வந்தப்போ பொறக்கவே இல்ல. அவன் சொல்றான், ஒரே கப்பல்தான், அது கால் இல்ல, வேற ஏதோ. என்னடான்னு கேட்டா "தெரியல ஐயா"ங்கிறான். தெரியாதவன் எதுக்குப் பேசணும்? ஆனா அவன் பின்னாடியும் பாதிப் பேர் போயிட்டாங்க. பதினோரு வருஷமா நான் போடுற ஒரு வரியையும் அவன் அப்படியே ஒத்துக்கிட்டது கிடையாது. "ஐயா, ஆதாரம்?" "ஐயா, பிரேம் நம்பர்?" மரியாதையாத்தான் கேப்பான், அதுதான் எரிச்சல்.

இன்னொரு விஷயம் இருக்கு. மூணு கால்ல நடுக்கால் மட்டும் குட்டை. அதுக்கு நான் ஒன்பது பக்கக் கட்டுரை எழுதியிருக்கேன். நடுக்கால் உள்ள மடங்கிக்கிட்டு இருக்கு, அப்படின்னா கப்பல் இப்பதான் தரையிலேர்ந்து கிளம்பியிருக்கு, அப்படின்னா வில்லனோட கூட்டாளி அவனை விட்டுட்டு ஓடுறான், அதனாலதான் வில்லன் முகம் அடுத்த ஷாட்ல வாடியிருக்கு. எவ்வளவு பொருந்துது பாருங்க. அந்தக் கப்பலுக்கு நான் துருவன்னு பேரு வச்சேன். கோயம்புத்தூர்ல ஒருத்தர் தன் பேரனுக்கே துருவன்னு பேரு வச்சிட்டாரு. இதெல்லாம் சும்மா இல்ல தம்பி.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தப் படத்தைச் சென்னையில ஒரு கம்பெனி வாங்கி, கழுவித் துடைச்சு, மறுபடி தியேட்டர்ல போடப் போறாங்க. எண்பத்தி நாலுல போட்ட டைட்டில்ல பாதிப் பேர் விட்டுப்போச்சாம். தச்சர், தையல்காரர், பெயிண்டர், யாரும் கிடையாது. "உங்க வட்டத்துக்குத்தான் எல்லாம் தெரியும், விட்டுப்போன பேரை எல்லாம் தேடிக் கொடுங்க, படம் முடியுறப்போ திரையில ஒரு கார்டு போடுறோம்"னு எங்ககிட்ட கேட்டாங்க. வட்டத்துக்குன்னா எனக்கு. கடைசி நாள் இன்னைக்கு, அஞ்சு மணி. அஞ்சு மணிக்கு மேல கார்டைப் பூட்டிடுவாங்களாம். நான் ஒரு விதி போட்டேன். போட்டோ இல்லாட்டி காகிதம், ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் பேரு சேரும். பதினோரு பேர் சேந்தாங்க. வெளியீட்டு விழாவுல மேடையில பேசவும் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. துருவனைப் பத்தி. பத்து நிமிஷம்.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு மெசேஜ் போடுது. ஜெசிந்தா. விழுப்புரத்துல ஒரு ஜவுளிக்கடையில பில் போடுற பொண்ணு. "சார், அந்தப் படத்துல கப்பல் செஞ்சது எங்கப்பா. அவர் பேரையும் சேர்ப்பீங்களா?" ஆதாரம் இருக்கான்னு கேட்டேன். "அப்பாவே இருக்காரு சார்"ங்குது. அப்பா ஆதாரம் ஆக மாட்டாரும்மான்னு சொன்னேன். சரிதானே?

அந்தப் பொண்ணு விடல. தினம் ஒரு குரல் செய்தி. அவங்கப்பா பேரு சவரிமுத்து. சென்னையில அந்த ஒரு படம்தான் வேலை பாத்தாராம். அப்புறம் ஊருக்கு வந்து ஃபைபர் பட்டறையில சேந்துட்டாரு. பார்க்குல பெங்குவின் மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு குப்பைத்தொட்டி இருக்கும் பாருங்க, அதுக்கு அச்சு எடுக்கிற வேலை. சினிமாவுல ராக்கெட் செஞ்சேன்னு ஒருநாள் தெருவுல சொல்லியிருக்காரு. அன்னையிலேர்ந்து அவருக்கு ராக்கெட்டுன்னு பேரு. நாப்பது வருஷமா. "ராக்கெட்டு, எப்ப கிளம்புது?"ன்னு கேப்பாங்களாம். இந்தப் பொண்ணு நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எதிரிலயே ஒருத்தன் கேட்டிருக்கான். அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாராம். "ஒரு தடவை அவர் பேரு திரையில வந்தாப் போதும் சார், தெருவையே கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன்"னு அழுதுச்சு.

பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பாவத்துக்கெல்லாம் பேரு போட முடியுமா? அதனால நேர்லயே போய்ப் பாத்துடுறதுன்னு இன்னைக்குக் காலைல கிளம்பினேன். என் சொந்தச் செலவுல. யாரு போவா?

வீடு ரெண்டு அறை. அவரு எழுபத்தெட்டு வயசு ஆளு, ஒல்லி. தோள்ல ஒரு துண்டு, துண்டோட ஒரு முனை வலது கையில சுத்தியிருக்கு. கடைசி வரைக்கும் அந்தக் கையை வெளியவே எடுக்கல. குளிருதோ என்னமோன்னு நினைச்சுக்கிட்டேன். ஃபைலைப் பிரிச்சு வச்சுக்கிட்டுக் கேள்வியை ஆரம்பிச்சேன். ரெண்டு மணி நேரம்.

"எத்தனை கப்பல் செஞ்சீங்க?" "ஒண்ணுதான் சார். அதுக்கே தகரம் பத்தல." ஒண்ணுன்னா நிஜாம் கட்சி. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஜன்னல் வழியா ஒண்ணு போகுமே?" "ஆமா, அதுவும் அதேதான். அன்னைக்குக் கட்டித் தொங்கவிட்ட கம்பி அறுந்துபோச்சு. டைரக்டர் கத்த ஆரம்பிச்சிட்டாரு. நான்தான் செட்டு மேல ஏறிப் பலகையில குப்புறப் படுத்துக்கிட்டு, பின்பக்கமாக் கையில புடிச்சு நகத்தினேன்." சொல்றது கோர்வையாத்தான் இருக்கு. ஆனா பொய் சொல்றவனும் கோர்வையாத்தான் சொல்லுவான். நான் பாத்திருக்கேனே.

கடைசியா என் கேள்வியைப் போட்டேன். "அந்தக் கப்பலுக்கு எத்தனை கால் வச்சீங்க?"

"காலா? கால் எதுவும் வைக்கலியே சார். வயிறு மொழுக்குன்னு இருக்கும்."

மாட்டினாரா? படத்துல மூணு கால் கண்ணு முன்னாடி இருக்கு. செஞ்சவருக்குத் தெரியல! "நீங்க படம் பாத்தீங்களா?"ன்னேன். "இல்ல சார். செஞ்சவன் போய்ப் பாத்தா ஓட்டைதான் தெரியும்"னாரு. ஃபைலை மூடினேன். "அம்மா ஜெசிந்தா, உங்கப்பா நல்ல மனுஷர், ஆனா இது அந்தக் கப்பல் இல்ல. சேர்க்க முடியாது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சேன். கொஞ்சம் வேகமாத்தான் எந்திரிச்சேன், ஒத்துக்குறேன். நாற்காலி கையில காப்பி டம்ளர் வச்சிருந்தாங்க. என் ஃபைல் பட்டுச் சரிஞ்சுது. சுடச்சுடக் காப்பி, என் தொடைக்கு நேரா வந்துச்சு.

அவரு பாஞ்சு புடிச்சாரு. எழுபத்தெட்டு வயசு. துண்டு எங்கியோ போச்சு. டம்ளருக்குப் பின்னாடி கை, ஒரு சொட்டு சிந்தல. டம்ளருக்கு அடியில மூணு விரல் நுனி நீட்டிக்கிட்டு இருக்கு.

நடு விரல் குட்டை. முதல் கணுவோட வெட்டுப்பட்டிருக்கு.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? உடனே எல்லாம் புரிஞ்சுபோச்சுங்கிற மாதிரி பாக்குறீங்க. ஊர்ல விரல் வெட்டுப்பட்டவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. பட்டறை வேலைன்னா விரல் போகும். அது ஒரு ஆதாரமா? அவரு டக்குன்னு துண்டைச் சுத்திக்கிட்டாரு. "விரல்ல என்ன?"ன்னு கேட்டேன். "சின்ன வயசுல ரம்பத்துல போச்சு சார்"னாரு. "கம்பி அறுந்த அன்னைக்கு விரல்ல ஏதாவது பூசினீங்களா?"ன்னேன். ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல. வாய்ல வந்துடுச்சு. "வெள்ளி பெயிண்ட் அடிச்சாங்க. போகவே ஒரு வாரம் ஆச்சு"ன்னாரு.

ஃபைலை எடுத்துக்கிட்டேன். வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அந்தப் பொண்ணு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்துச்சு. ஒரு தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்துச்சு, இதோ இதுதான். "கோபமா சார்?"னு கேட்டுச்சு. எனக்கு என்ன கோபம்? ஜன்னல் வழியா "முடிஞ்சாப் பாருங்க சார்"னுச்சு. பாக்கலாம்னு சொன்னேன். பஸ் எடுத்துட்டான்.

பொய் சொல்லலியே நான்? போட்டோ இல்ல, காகிதம் இல்ல. நான் போட்ட விதிப்படி சேர்க்க முடியாது. விதின்னா எல்லாருக்கும்தான். திண்டுக்கல்ல ஒரு பெயிண்டரைக்கூடச் சேர்க்கல, அவரும் வாயாலதான் சொன்னாரு. நீங்களே சொல்லுங்க, இவருக்கு மட்டும்...

என்ன கேட்டீங்க?

கட்டுரையா? கட்டுரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மேடையில பேசுறது வேற விஷயம் தம்பி. நீங்க டாக்டர் நிஜாம் மாதிரியே பேசுறீங்க. ஆமா, அது விரல்னு ஆயிட்டா துருவன் கிடையாது. கட்டுரை கிடையாது. பதினோரு வருஷமா நான் நானூறு பேர்கிட்ட ஒருத்தரோட விரலைக் காட்டிக் கால்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்னு ஆகும். அதுக்காக நான் மறைப்பேனா? என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?

மறுபடியும் அவன்தான். மணி நாலு நாப்பத்தொண்ணு. இருங்க, எடுத்துப் பேசிடுறேன், இல்லாட்டி விட மாட்டான்.

சொல்லுங்க டாக்டர். பஸ்ல இருக்கேன். ஆமா, பாத்தேன். நேர்லதான். ரெண்டு மணி நேரம் பேசினேன். இல்ல, சேர்க்கல. போட்டோ இல்ல, காகிதம் இல்ல. கால் வைக்கவே இல்லன்னு சொல்றாரு. ஆமா, வேற ஏதோ படத்தை இதோட போட்டுக் குழப்பிக்கிறாருன்னு நினைக்கிறேன். வயசாயிடுச்சுல்ல. ம். அவ்வளவுதான். கேளுங்க, என்ன கேக்கணுமோ கேளுங்க. கேள்வி இல்லியா? ஏன்? ...ம். ...ம். சரி. சரிப்பா. வச்சிடுறேன்.

என்ன சொன்னான் தெரியுமா தம்பி? "நீங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வந்திருக்கீங்க ஐயா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நாங்க யாரும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டோம்"ங்கிறான். ஒரு கேள்வி கேக்கல. பிரேம் நம்பர் கேக்கல. பதினோரு வருஷமா என் கழுத்தைப் புடிச்சவன் இன்னைக்குப் பாத்து நம்புறான்.

கேட்டிருக்கலாம்ல? "அவர் கையைப் பாத்தீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். இப்ப யாரும் கேக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது, படமே பாக்கலியே. இந்தப் பதினோரு பேரை அனுப்பிட்டா முடிஞ்சுபோச்சு. உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் உங்களுக்கு. நீங்க திருச்சியில இறங்கிப் போயிடுவீங்க.

கொஞ்சம் அந்தத் தண்ணியை எடுங்க.

இல்ல, அனுப்பல. அந்தப் பொண்ணுக்குத்தான் போன் போடுறேன். ஒரு போட்டோ இருந்தா விதிப்படி சேத்துடலாம். விதியையும் மீறக் கூடாது பாருங்க. மணி என்ன? நாலு நாப்பத்தாறா? எடு, எடு...

அம்மா ஜெசிந்தா, நான் வைத்தியலிங்கம். அழுறியா? அழாதே, கேளு. உங்கப்பா வலது கையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கைதான். ஒரு டம்ளரைப் பின்பக்கமாப் புடிக்கச் சொல்லி, எதிர்லேர்ந்து எடு. அவசரம்மா. ஏன்? மாட்டாரா? எதுக்கு மாட்டாரு? சரி, பழைய போட்டோ ஏதாவது இருக்கா? உன் கல்யாண போட்டோ? கையைப் பின்னாடி கட்டியிருக்காரா. ரேஷன் கார்டு... அதுல கை எங்க வரும், சரி விடு. வீட்டுல ஒரு போட்டோவுலகூட அந்தக் கை இல்லியா? உன்னைத் தூக்கி வச்சிருக்கிற போட்டோவுலகூடவா?

இருக்கும்மா. ஒண்ணுல இருக்கு. அந்தப் படத்துல இருக்கு. ஜன்னல்ல கப்பல் போகும்ல, அதுக்கு அடியில மூணு கால் மாதிரி இருக்கே, அது உங்கப்பா விரல். நடு விரல் குட்டையா இருக்கு. ஆமா. நான் உங்க வீட்டுலயே பாத்துட்டேன். காப்பி சரிஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு. சொல்லாம வந்துட்டேன். என்னைத் திட்டுறதா இருந்தா அப்புறமாத் திட்டு, இப்ப அவர்கிட்டப் போனைக் கொடு. பத்து நிமிஷம்தான் இருக்கு.

தம்பி, ஸ்பீக்கர்ல போடுறேன், பஸ் சத்தத்துல காதுல விழல. ஐயா, கேக்குதுங்களா? உங்க பேரைச் சேர்க்கப் போறேன்...

என்னங்கய்யா? ஏன் வேணாம்?

கேட்டீங்களா தம்பி? வேணாங்கிறாரு! "விரல் தெரியுதா சார்? தெரியக் கூடாதுன்னுதானே பெயிண்ட் அடிச்சோம். தெரிஞ்சா அது என் தப்பு. தப்புக்குப் போய்ப் பேரு போடாதீங்க"ங்கிறாரு. ஐயா, அப்படி இல்லீங்க. யாரு சிரிப்பா? ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. ஐயா, வச்சிடாதீங்க! ஜெசிந்தா, போனைப் புடுங்கு, வைக்க விடாதே!

ஐயா, நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளுங்க. யாருக்கும் விரல் தெரியல. நானூத்திப் பன்னெண்டு பேர்யா. தினம் பாக்குறோம். நிறுத்தி, பெருசாக்கி, கலரை மாத்தி, தலைகீழாத் திருப்பிப் பாத்திருக்கோம். ஒருத்தனுக்கும் விரல்னு தோணல. நான் ஒன்பது பக்கம் எழுதியிருக்கேன்யா, கப்பலோட கால்னு. நடுக்கால் மடங்குதுன்னு. படிக்கட்டுமா? ஊரையே சோதிச்சவன் நான். நீங்க என்னைப் பதினோரு வருஷமா ஏமாத்தியிருக்கீங்க. நல்லா ஏமாந்துட்டேன்யா.

சமாதானத்துக்குச் சொல்லலீங்க. நம்பலியா? எப்படி நம்ப வைக்கிறது?

இருங்க. லைன்லயே இருங்க. தம்பி, அந்த ஃபைலை எடுங்க. பெருசாக்கின படம் இருக்கும் பாருங்க, மேலாப்புல. அதான், கொடுங்க. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, உங்களுக்குக் கதை தெரியும்.

அம்மா, ஏம்மா, முன்சீட்டு அம்மா. கொஞ்சம் திரும்புங்களேன். இந்தப் படத்தைப் பாருங்க. ஒண்ணுமில்லம்மா, பாத்துட்டு என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க. கண்ணாடி வேணுமா? போட்டுக்குங்க, போட்டுக்குங்க. நாலு அம்பத்தி ரெண்டு. அவசரம் இல்லம்மா, நல்லாப் பாருங்க. ஏரோப்ளேன் மாதிரியா. சரி. அதுக்கு அடியில? அடியில நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன? நான் சொல்ல மாட்டேம்மா, உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல.

போன்கிட்ட வந்து சத்தமாச் சொல்லுங்க. என்னது?

"மூணு காலு இருக்கு, நடுக்காலு சின்னதா இருக்கு."

ஐயா, கேட்டுதா? அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. ஐயா? சவரிமுத்து ஐயா? ஜெசிந்தா, அப்பா எங்கம்மா? பக்கத்துலதான் இருக்காரா? என்ன பண்றாரு?

சிரிக்கிறாராம் தம்பி. கையைத் தூக்கி வச்சுப் பாத்துக்கிட்டுச் சிரிக்கிறாராம்.

ஐயா, பேரை மட்டும் சரியாச் சொல்லிடுங்க, டைப் பண்றேன். எல். சவரிமுத்து. இனிஷியல் எல்லா, எம்மா? எல். சரி. கப்பல் செஞ்சதுன்னு போடுறேன், புடிச்சதுன்னும் போடுறேன். ஃபாரத்துல போட்டோவுக்கு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போடுறதா? நான் நேர்ல பாத்தேன்னு போட்டுட்டேன்யா, யாரு கேக்குறாங்கன்னு பாக்குறேன். இதோ. சுத்துது, சுத்துது. போயிடுச்சு. நாலு அம்பத்தி ஆறு.

நிஜாமுக்கு நான் சொல்லிக்கிறேன், அது என் தலையெழுத்து. மேடையா? மேடையில நான் என்னத்தப் பேசுறது, அவரை ஏத்திவிட வேண்டியதுதான்.

என்னங்கய்யா? இன்னொருத்தர்கிட்டயும் படத்தைக் காட்டணுமா? எதுக்கு? அதான் அனுப்பியாச்சே. சும்மா கேக்கணுமா? சரிய்யா, கேக்குறேன். எத்தனை பேர்கிட்ட வேணாலும் கேக்குறேன், நாப்பது வருஷம் கழிச்சு ஆசைப்பட்டுக் கேக்குறீங்க.

தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க. முன்னாடிலேர்ந்து ஆரம்பிச்சு வரிசையாக் கேட்டுட்டு வந்துடுறேன்.

ஏங்க, சார், தூங்கிட்டீங்களா? மன்னிச்சுக்குங்க. டிக்கெட் எல்லாம் வேணாம், உள்ள வைங்க. இந்தப் படத்துல அடியில என்ன தெரியுது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, ஒருத்தர் லைன்ல இருக்காரு.